மகன் தொழிலுக்கு அம்மா பெயரில் கடன் வேண்டாம்

ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்புகளில் தலைவி, செயலாளர், பொருளாளர் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளுக்கு,

உங்கள் தீர்மான நோட்டில் ஏறாத கடன் ஒன்று ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது. கையெழுத்து அம்மாவுடையது. விண்ணப்பத்தில் காரணம் ‘கறவை மாடு’ என்று இருக்கும். பணம் போவது மகனின் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு, அல்லது டெலிவரி ஓட்ட எடுத்த பைக்கின் முன்பணத்துக்கு, அல்லது மகள் வாங்கிய எம்பிராய்டரி மெஷினுக்கு. கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் ஊழியருக்கும் இது தெரியும். குழுவில் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. டியூ வந்தால் போதும்.

கிராமக் கிளைகளில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் குழுக்களுக்குக் கடன் எழுதிய கை இது. இந்த மடலை எழுதுவது இன்னொரு கடன் திட்டத்தைச் சொல்வதற்காக இல்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தொழிலில் கூட்டமைப்பு பங்கு போட வேண்டும், கூட்டாளியாக உட்கார வேண்டும் என்று கேட்பதற்காக.

1989இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, குழுவை நம்பி வங்கி கடன் கொடுக்கும் ஏற்பாடு நாடு தழுவிய அளவில் வந்திருக்கவில்லை. நபார்டு அதைத் தொடங்கியது 1992இல். இன்று தமிழ்நாட்டில் குழுக்களுக்கான வங்கிக் கடன் இலக்கே ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. கைநாட்டு வைத்தவர்கள் கணக்கு எழுதக் கற்றார்கள். அவர்களின் பிள்ளைகள் டிப்ளமோ, டிகிரி என்று முடித்தார்கள். முடித்துவிட்டு என்ன செய்கிறார்கள்? 2024இல் குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். மிச்சப்பட்டவர்களில் எத்தனை பேர் உங்கள் கூட்டமைப்புக் கட்டடத்துத் திண்ணையில் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

தொழில் தொடங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லாதவர்கள் இல்லை. பணம் கேட்டுப் போனால் கதவுகள் வரிசையாக மூடுகின்றன. குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்குக் கல்யாணமாகி ஊரில் நிலைத்த பெண் வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையன் நாளைக்கே திருப்பூருக்கோ துபாய்க்கோ பஸ் ஏறிவிடுவான் என்று நினைக்கிறார்கள். 2015இல் வந்த முத்ராவில் ஷிஷு என்ற முதல் படியில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி மேலாளர் மேசைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் போய்க் கேட்டவர்கள் சொல்வார்கள். மாநில அரசின் நீட்ஸ், வேலையில்லா இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி. போன்றவை நல்ல திட்டங்கள்தான், மானியமும் உண்டு. ஆனால் தொழில் முனைவோரின் சொந்தப் பங்கு என்று 5 அல்லது 10 சதவீதம் முதலில் வைக்க வேண்டும். ஐந்து லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு ஐம்பதாயிரம். அந்த ஐம்பதாயிரத்துக்காகத்தான் அம்மா குழுவில் கையெழுத்துப் போடுகிறாள்.

அந்தக் கையெழுத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பதாயிரம் கடன், இரண்டு வருடம், வாரத் தவணை, குறையும் நிலுவைக்கு 24 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 600 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். முடிவில் கட்டியிருப்பது 63,000 ரூபாய். வட்டியைப் பார்த்து இப்போதைக்கு நான் பதறவில்லை. தண்டல்காரரையும் மீட்டர் வட்டியையும் பார்த்த ஊருக்கு இது குறைவுதான். என் கவலை முதல் தவணை எப்போது வருகிறது என்பதில். பணம் கைக்கு வந்த மறுவாரமோ அதற்கு அடுத்த வாரமோ வந்துவிடுகிறது. பையன் ஆட்டுப் பண்ணை வைக்கிறான் என்றால் சினை ஐந்து மாதம், குட்டி விலைக்கு வர இன்னும் ஆறேழு மாதம். ஆறு மாதம் முடியும்போது பண்ணையிலிருந்து ஒரு ரூபாயும் வந்திருக்காது. 15,000 ரூபாய்க்கு மேல் தவணையாகப் போயிருக்கும். அது எங்கிருந்து போகும்? கடனாக வாங்கிய அதே ஐம்பதாயிரத்திலிருந்து. அல்லது அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து. அல்லது இன்னொரு ஃபைனான்ஸிலிருந்து.

வாரத் தவணையைக் கண்டுபிடித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. இட்லிக் கடை வைத்திருப்பவளுக்கும் கூடையில் மீன் விற்பவளுக்கும் தினம் காசு புழங்கும். சிறுகச் சிறுகக் கட்டுவது அவளுக்கு வசதி. பொருத்தமான ஆளுக்குப் பொருத்தமான கடன் அது. காசு வர ஒரு வருடம் பிடிக்கும் தொழிலைத் தொடங்குகிறவனுக்கு அதே சட்டையைப் போட்டுவிட்டதுதான் கோளாறு.

கொல்கத்தாவில் ஒரு நுண்கடன் நிறுவனத்தோடு சேர்ந்து பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள்; 2013இல் முடிவுகள் வெளியாயின. கடன் வாங்கிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது. இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாத அவகாசம். அவ்வளவுதான் வித்தியாசம். அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாகப் பணம் போட்டார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் லாபம் கூடுதலாக இருந்தது. பணத்தைத் திருப்பிக் கட்டாமல் போனவர்களும் அவர்களில்தான் அதிகம். இரண்டாவது செய்தியை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். துணிந்து முதல் போட்டால் சிலர் மேலே வருவார்கள், சிலர் விழுவார்கள். விழுகிறவர் சுமையைத் தாங்கும் ஏற்பாடு கடனில் இல்லை. கடனில் விழுந்தால் அம்மாவின் சிபில் கெடும், குழுவின் பெயர் கெடும், அடுத்த கூட்டத்தில் ஒருத்தி கட்டவில்லை என்று பத்துப் பேரை உட்கார வைப்பார்கள். 2010இல் ஆந்திராவில் கடன் தொல்லையால் தற்கொலைகள் நடந்து, அந்த அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் நம் அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதியில் ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். குடும்பம் என்பது கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கும் அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது. நல்ல விதி. ஆனால் இதன்படி மகனின் பைக் தவணையும் அம்மாவின் கணக்கில்தான் ஏறுகிறது. நாளைக்கு அவளுக்கே மருத்துவச் செலவு வந்து கடன் கேட்டால் இடமிருக்காது.

வங்கதேசத்துக்காரர்கள் இந்தச் சந்தியை நமக்கு முன்பே வந்தடைந்தார்கள். முகமது யூனுஸ் 1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குத் தன் பையிலிருந்து 27 டாலர் மதிப்புள்ள பணத்தைக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1983இல் அது கிராமீன் வங்கியானது, 2006இல் நோபல் வந்தது. கதையின் பின்பாதிதான் உங்களுக்கு வேண்டியது. கடன் வாங்கிய பெண்களின் பிள்ளைகளுக்கு அந்த வங்கி 1997 முதல் உயர்கல்விக் கடன் கொடுத்தது. பிள்ளைகள் படித்து முடித்தார்கள், வேலை இல்லை என்று திரும்பி வந்தார்கள். வேலை தேடாதே, வேலை கொடு என்று யூனுஸ் அவர்களுக்குச் சொன்னார். வெறும் வாயால் சொல்லி விடவில்லை. ‘நொபின் உத்யோக்தா’, அதாவது புதிய தொழில்முனைவோர் என்ற பெயரில் 2013 வாக்கில் ஓர் ஏற்பாடு வந்தது. கிராமீன் உறுப்பினரின் மகனோ மகளோ தன் தொழில் திட்டத்தைக் கூட்டத்தின் முன்னால் நின்று விளக்க வேண்டும். கோழிப் பண்ணை, தையல், மளிகை, மீன் குளம் என்று சாதாரணத் தொழில்கள். பலர் சிறிய அளவில் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவை. ஒப்புதல் கிடைத்தால் ஒரு சமூகத் தொழில் நிதி அதில் பங்கு போடும். கடன் கிடையாது. தொழில் ஓட ஓட, போட்ட பணத்தையும் நிர்ணயித்த ஒரு கட்டணத்தையும் கொடுத்து அந்தப் பங்கை இளைஞரே வாங்கிக்கொள்வார். பிறகு கடை முழுக்க அவருடையது. திரும்பி வந்த பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

சமூகத் தொழில் என்று யூனுஸ் சொல்வதன் சாரம் இதுதான். முதல் போட்டவர் போட்ட முதலைத் திருப்பி எடுக்கலாம். லாபப் பங்கு என்று எதுவும் எடுக்கக் கூடாது. லாபம் தொழிலுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஏதோ டாக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று மலைக்காதீர்கள். சினை ஆட்டை வளர்க்கக் கொடுத்து, ஈன்ற குட்டிகளில் பாதிக்குப் பாதி என்று பேசிக்கொள்வதை நம் ஊரில் யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆடு செத்தால் வளர்த்தவன் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை, நஷ்டம் இருவருக்கும். கூட்டமைப்பு செய்ய வேண்டியதும் அதே கணக்குத்தான், குட்டியைத் தான் வைத்துக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதைத் தவிர.

யூனுஸ் சொல்வதை எல்லாம் நான் தலையாட்டி ஏற்கவில்லை. மனிதர்கள் எல்லோருமே பிறவித் தொழில்முனைவோர் என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் ஊரில் 2024இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தது அரசு வேலையின் இட ஒதுக்கீட்டை எதிர்த்து. அதில் ஆட்சியே கவிழ்ந்து, ஆகஸ்டில் இடைக்கால அரசின் தலைமைக்கு அழைக்கப்பட்டவர் வேலை தேடாதே என்று சொன்ன அதே மனிதர். மாதச் சம்பளத்தை விரும்புவது குற்றமில்லை. ஐதராபாத் குடிசைப் பகுதிகளில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் செய்த ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. நுண்கடன் வந்ததால் ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் சற்றுப் பெருக்கினார்கள். கடனால் புதிதாக முளைத்த கடைகள் சிறியவை, ஆள் வைக்குமளவு வளராதவை. ஒரே தெருவில் நான்கு டீக்கடை வைப்பது நான்கு பிள்ளைகளுக்கு வேலை கொடுத்ததாகாது. ஒருத்தர் கடை வைத்து மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தால் ஆகும்.

இதற்கு டாக்கா போக வேண்டாம், மதுரை போதும். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் கொடுக்கிறவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் வைத்தியம் பார்த்து, நன்கொடையை நம்பாமல் நிற்கிறது. வங்கதேசத்தில் கிராமீன் தொடங்கிய கண் மருத்துவமனைகளுக்கே முன்மாதிரி இதுதான். மருத்துவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கே ஊழியர்களில் பெரும்பகுதி பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கத்து உதவி வரை அவர்கள் கையில் விட்டிருக்கிறார்கள். 1992இல் ஆரோலேப் தொடங்கி, இறக்குமதி லென்ஸின் விலையில் சிறு பகுதிக்கு உள்விழி லென்ஸ் செய்யத் தொடங்கியபோதும் உற்பத்தி வரிசையில் உட்கார்ந்தவர்கள் இவர்களைப் போன்ற பெண்கள்தான். இந்தப் பெண்கள் யாரும் முதல் போடவில்லை, நஷ்டத்தைச் சுமக்கவில்லை. உங்கள் கூட்டமைப்பு பங்கு போடும் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி, இதில் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்குச் சம்பளம் வரும் என்பது.

நல்ல நோக்கம் இருந்தால் தொழில் ஓடிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். யூனுஸும் பிரான்சின் டேனோன் நிறுவனமும் சேர்ந்து வங்கதேசத்தின் போக்ராவில் சத்துத் தயிர் ஆலை தொடங்கினார்கள். கிண்ணம் 5 டாகா (அந்நாட்டு நாணயம்), கிராமத்துப் பெண்கள் வீடு வீடாக விற்றார்கள். 2008இல் பால் விலை ஏறியது. தயிர் 8 டாகா ஆனது. கிராமத்து விற்பனை சரிந்தது. நோபல் பரிசும் பன்னாட்டு நிறுவனமும் பின்னால் நின்றும் மூன்று டாகா வித்தியாசம் ஆளைக் கவிழ்த்தது. கிராமீன் தொலைபேசிப் பெண்களையும் உலகமே புகழ்ந்தது. செல்போன் எல்லோர் கைக்கும் வந்ததும் காசு வாங்கிக்கொண்டு பேச விடும் தொழில் காற்றோடு போயிற்று. ஊரில் இன்று ஓடும் தொழிலைப் பார்த்துப் பணம் போடாமல், மூன்று வருடம் கழித்தும் ஓடுமா என்று பார்த்துப் போடுங்கள். ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை பற்றி எனக்கு இந்த விஷயத்தில் சந்தேகம் உண்டு. விவசாயக் கருவி வாடகை, சொட்டுநீர்க் குழாய் பழுது, பால் குளிரூட்டல், சோலார் பம்பு பராமரிப்பு இவற்றில் குறைவு.

பணம் எங்கிருந்து? உறுப்பினர் சேமிப்பிலிருந்து ஒரு பைசா தொடக் கூடாது. வங்கிக் கடனையும் சமுதாய முதலீட்டு நிதியையும் இதில் திருப்பிவிடக் கூடாது. அது முறையும் ஆகாது. பல வருடமாகக் கடன் சுழற்றிய கூட்டமைப்புகளில் வட்டி வித்தியாசத்தில் வந்த உபரி இருக்கிறது. டிராக்டர், பந்தல் சாமான் வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கும் கூட்டமைப்புகளும் உண்டு. அந்த உபரியில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போடுங்கள். முழுவதும் மூழ்கினாலும் கூட்டமைப்பு நிற்கும் என்ற அளவுக்கு மட்டும். தனிநபருக்குக் கொடுப்பதில் உங்கள் துணைவிதி இடிக்குமா என்பதை வட்டார அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சில் ‘செய்யுங்கம்மா, பாத்துக்கலாம்’ என்று சொல்கிற அதிகாரி தணிக்கை வரும்போது மாற்றலாகிப் போயிருப்பார்.

முதல் வருடம் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ. இந்தப் பணம் மானியத் திட்டத்தில் இளைஞர் வைக்க வேண்டிய சொந்தப் பங்காகவும் இருக்கலாம். அப்படி வைத்தால் உங்கள் ஐம்பதாயிரம் வங்கியிலிருந்து நான்கரை லட்சத்தை இழுத்து வரும். எழுதும் ஒப்பந்தத்தில் முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ எதுவும் கட்ட வேண்டாம் என்று இருக்கட்டும். அதன் பிறகு மாத லாபத்தில் இத்தனை பங்கு. லாபமில்லாத மாதம் கொடுக்க வேண்டாம், ஆனால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். போட்ட தொகையும் கட்டணமும் வந்ததும் உறவு முடிந்தது. நேர்மையாக நடத்தியும் தொழில் படுத்துவிட்டால் மிச்சமிருக்கும் சாமானை விற்று எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுங்கள். அம்மா கையெழுத்து எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணக்கு நோட்டு விஷயத்தில் கறாராக இருங்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. கடனில் வசூல் வந்தால் போதும், கடைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. பங்கில் பார்த்தே ஆக வேண்டும். தினசரி விற்பனையை எழுதாத பையனிடம் லாபத்தில் பங்கு கேட்க முடியாது. வாரம் ஒருமுறை கடைக்குப் போய் நோட்டைப் பார்க்க, கணக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருத்தரை அனுப்புங்கள்; அவருக்கு அந்த நிதியிலிருந்தே படி கொடுங்கள். சும்மா போகச் சொன்னால் இரண்டு மாதம் போவார், அப்புறம் போகமாட்டார்.

யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கூட்டமைப்பு உடையும். தலைவி மகனுக்கு முதல் பங்கு போனால் அன்றைக்கே திட்டம் செத்தது. நிர்வாகிகளின் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருடம் கிடையாது என்று தீர்மானம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது கசக்கும், தெரிந்தே சொல்கிறேன். பிள்ளைகள் திட்டத்தை மாதக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், அவர்களே நின்று சொல்லட்டும். எதிர்க் கேள்வி கேட்பதில் உங்கள் உறுப்பினர்களைவிடக் கெட்டிக்காரர்கள் எந்த வங்கியிலும் இல்லை. தீவனம் என்ன விலை, கரண்ட் பில் யார் பெயரில், மழைக்காலத்தில் என்ன செய்வாய் என்று பத்து நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். காலனியிலிருந்து ஒரு பிள்ளையும் எழுந்து பேச வரவில்லை என்றால் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, அடுத்த கூட்டத்தை அங்கேயே வையுங்கள்.

பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கல்யாணமாகிப் போய்விடுவார்களே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். போகட்டும். மெஷினை எடுத்துக்கொண்டு போகட்டும், கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும். போகிற ஊரிலும் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. மிச்சப் பங்கை அந்தக் கூட்டமைப்புக்கு மாற்றிக் கொடுக்க ஒரு பக்கத் தாள் போதும். முதல் மூன்று பேரில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்